கூட்டலிற் பிழைவிடும் யந்திரம்

பிள்ளைகள் கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளட்டும்; பெரியவர்கள் விரும்பினால் மனக்கணக்காகவே செய்து பார்க்கலாம். 34957 உடன் 70764 ஐக் கூட்டினால் வருவது யாது?

இக்கணக்கு 1950ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், இங்கிலாந்தில் வெளியாகும் ‘மைன்ட்’ என்னும் தத்துவ சஞ்சிகையிலே அச்சாயிற்று. வேறோர் அறையிலே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது மனிதனா, யந்திரமா என்று கண்டுபிடிக்கும் ஒரு விளையாட்டு. எழுத்து மூலம் கேள்வி கேட்டு, எழுத்து மூலமே விடை பெறவேண்டும். அவ்விளையாட்டிற் கேட்கத்தக்க கேள்விகளுள் ஒன்றாகவே இக்கூட்டல் அங்கே தரப்பட்டிருக்கின்றது. மறுபுறத்தில் இருப்பது ஏறத்தாழ முப்பது விநாடி தாமதித்து, 105621 என்று விடை பகர்கின்றது.

விடை பிழையானது. கூட்டிப் பார்த்தவர்கள் 105721 என்று கண்டிருப்பார்கள். நூறாமிடத்துக்குக் கொண்டுசென்ற ஒன்றைச் சேர்க்க மறந்தால் நேரும் பிழை இது. நம் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் விடும் பிழைதான். கட்டுரையாசிரியரோ அதைப்பற்றி ஒரு சொல்லும் கூறாமற் கடந்து செல்கின்றார். அச்சுப் பிழையோ என்று ஐயுறலாம். ஆனால் சில பக்கங்கள் கழித்து அவரே ஒரு செய்தியை எழுதுகின்றார்: மனிதனைப்போல நடிக்க வேண்டிய யந்திரம், தன் கணக்கின் நுட்பத்தால் அகப்பட்டுவிடாதபடி, வேண்டுமென்றே பிழைகளைச் செய்யும் என்று. ஆகவே அப்பிழை அங்கே தற்செயலாக வந்து சேரவில்லை என்றே நான் கருதுகின்றேன்.

அக்கட்டுரையை எழுதியவர் அலன் ரியூறிங். இன்று மேசைகளிலும் சட்டைப் பைகளிலும் குடிகொண்டுவிட்ட கணினிகளுக்கு மூலமான எண்ணத்தைத் தந்தவர்களுள் முதன்மையானவர். 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆந் திகதி இலண்டனிலே பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் இந்திய சிவில் சேவை உத்தியோகத்தர். தாயார் சேரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிலே 1881இற் பிறந்தவர்; அவருடைய தந்தையார் சென்னை றெயில்வேயிற் பிரதம எஞ்சினியராக விளங்கினார். பெற்றோர் இந்தியாவிலும் பிள்ளைகள் இங்கிலாந்திற் பிறர் வீட்டிலுமாக வளர்ந்த குடும்பம் அது.

ஷேர்போர்ன் என்னும் விடுதிப் பாடசாலையிற் படிக்கும்போது, கிறிஸ்தோபர் மோர்க்கம் என்ற மாணவரோடு ரியூறிங்குக்கு நட்பு உண்டாயிற்று. மோர்க்கம் ஒரு வகுப்பு மேலானவர். வானசாத்திரத்திலும் விஞ்ஞானத்திலும் ஈடுபாடுள்ளவர். கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலைக்குப் புலமைப் பரிசிலும் பெற்றுவிட்டார். ஆனால் அங்கே செல்லக் கொடுத்துவைக்கவில்லை. சிறுவயதிற் குடித்த பசும்பாலின் மூலம் தொற்றிய சயரோகத்தால் 1930ஆம் ஆண்டு பெப்ரவரி 13ஆந் திகதி காலமானார்.

அவ்விழப்பு ரியூறிங்கை வெகுவாகத் தாக்கியது. நண்பனின் தாயாரோடு பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அவருக்காக, ஆன்மாவின் இயல்பு பற்றிச் சிறு கட்டுரை ஒன்றையும் எழுதினார். உயிருள்ள உடல் ஓர் ஆன்மாவைத் தன்பால் ஈர்த்து வைத்திருக்கின்றது. உடல் இறந்ததும் அப்பிடிப்பு நீங்க, ஆன்மா விரைவிலோ சற்றுப் பிந்தியோ வேறோர் உடலை அடைகின்றது என்பது அதன் சாரம். மறுபிறவிக் கொள்கையோடு வளர்ந்த நம்மவர்க்கு இது புதிதன்று. இங்கிலாந்துக் கணித மாணவர் ஒருவரின் பேனாவிலிருந்து பிறந்தமைதான் புதுமை. மனம் என்பது எது, அது சடப்பொருளோடு எவ்வாறு பொருந்தியிருக்கின்றது என்ற கேள்வி அவருக்கு ஏட்டுக் கல்வியாக வரவில்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அதே 1930ஆம் ஆண்டு, ஜேர்மனியின் கேனிக்ஸ்பேர்க் நகரிலே கணித உலகின் அத்திவாரம் அசைந்தது. செப்ரெம்பர் 8ஆந் திகதி முதுபெருங் கணித மேதை டேவிட் ஹில்பேர்ட் அங்கே ஓர் உரை நிகழ்த்தினார். அறிய முடியாதது என ஒன்று கணிதத்தில் இல்லை. நாம் அறிந்தே தீருவோம் என்பது அவர் முழக்கம். அம்முழக்கம் பின்னாளில் அவருடைய கல்லறையிலும் பொறிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்திய நாள், அதே நகரில் நடந்த வேறொரு மகாநாட்டின் கலந்துரையாடலிலே, வியன்னாவிலிருந்து வந்த இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் தாழ்ந்த குரலிற் சில வசனங்கள் பேசியிருந்தார். அவர் பெயர் கூர்ட் கேடல். ஹில்பேர்ட்டின் நம்பிக்கை நிறைவேறாது என்பதற்கான நிரூபணத்தின் முதற்பகுதி அவரிடம் இருந்தது. சபையில் அதன் கனத்தை உணர்ந்தவர் மிகச் சிலரே.

1931இற் பிரசுரமான அந்நிரூபணத்தின் உட்பொருளை எளிமையாகச் சொல்லிப் பார்ப்போம். கணிதத்தின் அடிப்படை உண்மைகள் சிலவற்றையும், அவற்றிலிருந்து முடிவுகளைப் பெறுவதற்கான விதிகளையும் வகுத்துவிட்டோம் என்க. விதிகள் ஒன்றோடொன்று முரணாதவை. எண்களின் கூட்டல் பெருக்கலை விவரிக்கப் போதியவை. வசனங்களுக்கெல்லாம் எண்களை இலக்கமாக இட்டு, எண்களைக் கொண்டே வசனங்களைப் பற்றிப் பேசவைத்தார் கேடல். அம்முறையால், ‘இந்த வசனத்தை இவ்விதிகளால் நிரூபிக்க முடியாது’ என்று தன்னைத்தானே சுட்டும் ஒரு வசனத்தை அமைத்தார். அதனை நிரூபிக்க முடியுமாயின் அது பொய்யாகிவிடும். விதிகள் பொய்யை ஈன்றனவாகும். நிரூபிக்க முடியாதாயின் அது சொன்னது மெய்யாகிவிடும். ஆகவே மெய்யாயிருந்தும் நிரூபணத்துக்கு அகப்படாத ஒன்று அங்கே இருக்கின்றது. விதிகளை எவ்வளவு பெருக்கினாலும், வேறொன்று அவ்வாறே நழுவும்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ரியூறிங். எந்தக் கணித வினாவுக்கும் விடை உண்டா இல்லையா என்பதை இயந்திரகதியாகத் தீர்மானிக்கும் ஒரு முறை உண்டோ என்று ஹில்பேர்ட் கேட்டிருந்தார். அதற்கு மறுமொழி கூறுமுன், ‘இயந்திரகதி’ என்றால் என்ன என்பதை ரியூறிங் வரையறுக்க வேண்டியிருந்தது. கட்டம் போட்ட கொப்பியும் பென்சிலுமாக இருந்து கணக்குச் செய்யும் ஒரு மனிதனை அவர் மனக்கண்முன் நிறுத்தினார். அவன் ஒரு வேளையில் ஒரு கட்டத்தைப் பார்க்கின்றான்; எழுதுகின்றான்; அழிக்கின்றான்; அடுத்த கட்டத்துக்கு நகர்கின்றான். மனிதனை நீக்கிவிட்டு அச்செயல்களை மாத்திரம் வைத்துக்கொண்டால், அதுவே யந்திரம். கட்டளைகளை மாற்றினால் எக்கணக்கையும் செய்யவல்ல ஒரே யந்திரத்தையும் காகிதத்திலே அவர் வகுத்தார். 1936இல் எழுதப்பட்ட அக்கட்டுரையே கணினியின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எனலாம். பிறந்தபோதே அதன் எல்லையும் எழுதப்பட்டுவிட்டமைதான் வேடிக்கை.

எல்லை எது? ஓர் உதாரணம். இரண்டுக்கு மேற்பட்ட எந்த இரட்டை எண்ணும் இரு முதன்மை எண்களின் கூட்டுத்தொகையாகும் என்று 1742இல் கோல்ட்பாக் என்பவர் ஊகித்தார். 10 என்பது 3உம் 7உம். 28 என்பது 11உம் 17உம். இதற்கு மாறான ஓர் எண்ணைத் தேடும்படியும், கண்டதும் நிற்கும்படியும் யந்திரத்துக்குக் கட்டளையிடுவோம். அது நிற்குமா? 4உம் அதன்பின் 18 பூச்சியங்களும் கொண்ட எண்வரைக்கும் தேடியாயிற்று என 2013இற் கணித அறிஞர் கண்டனர். மாறான எண் அகப்படவில்லை. எனினும் இன்றுவரை நிரூபணமும் இல்லை. எந்த யந்திரத்தின் கட்டளையையும் பார்த்து, அது நிற்குமா நில்லாதா என்று தவறாமற் சொல்லவல்ல வேறொரு யந்திரம் இருந்தால் கோல்ட்பாக்கின் புதிர் ஒரு நொடியிற் தீர்ந்துவிடும். அத்தகைய யந்திரம் இருக்கவே முடியாது என்று ரியூறிங் காட்டினார்.

இங்கேதான் மனித குலம் மார்தட்டத் தொடங்கியது. கேடலின் வசனம் மெய் என்பதை யந்திரம் அறியாது, நாம் அறிகின்றோம். ஆகவே மனித மனம் யந்திரத்தினும் மேலானது என்று 1961இல் ஒக்ஸ்போர்ட் தத்துவ அறிஞர் லூக்காஸ் வாதித்தார். 1989இல் றோஜர் பென்றோஸ் அவ்வாதத்தை மேலும் விரித்தார். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. விதிகள் முரணற்றவை என்று தெரிந்தாலன்றி அவ்வசனம் மெய் என்று நாம் கூற முடியாது. நம்முடைய சிந்தனை முரணற்றது என்று நமக்கு உறுதி கூறியவர் யார்? கேடலே இவ்விடயத்தில் நிதானமாகப் பேசினார். மனித மனம் எல்லா யந்திரங்களையும் விஞ்சியதாய் இருக்கவேண்டும். அன்றேல் மனிதராலும் என்றுமே தீர்க்க முடியாத கணிதப் புதிர்கள் இருக்கவேண்டும் என 1951இல் அவர் உரைத்தார். முதலாவதையே அவர் உள்ளம் விரும்பியது. ஆனால் அதனை நிரூபித்ததாக அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ரியூறிங்கின் மறுமொழி இதற்கும் முந்தியது. 1947 பெப்ரவரியில் இலண்டன் கணிதச் சங்கத்திலே ஆற்றிய உரையில், பிழையே விடாதிருக்கும்படி யந்திரத்திடம் எதிர்பார்த்தால், அதனிடமே புத்தியையும் எதிர்பார்க்க இயலாது என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். கேடலின் தேற்றம் கட்டுவது பிழைவிடாத யந்திரத்தைத்தான். ஊகித்து, தவறி, திருத்திக்கொள்ளும் ஒன்றை அது கட்டாது. கணித அறிஞரும் அவ்வாறே வேலை செய்கின்றனர்.

இதற்கு நம் இராமானுஜனைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. சென்னைத் துறைமுகத்திற் குமாஸ்தாவாய் இருந்துகொண்டு 1913இற் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதங்களில் உலகம் கண்டிராத சூத்திரங்கள் இருந்தன; நாமகிரித் தாயார் அருளியவை என்பது அவர் நம்பிக்கை. அதே கடிதங்களில் முதன்மை எண்களைப் பற்றி அவர் கூறியவற்றுட் சில பிழையாய்ப் போயின. அதனால் அவருடைய மேதைமை குறைந்துவிடவில்லை. காணுங் கண் இராமானுஜனுக்கு இருந்தது. நிறுத்துப் பார்க்கும் தராசு ஹார்டியின் கையில் இருந்தது.

அண்மைக்கால யந்திரங்களைப் பார்க்கும்போது இவ்விருவரின் நினைவே எனக்கு வருகின்றது. 2024இற் சர்வதேச கணித ஒலிம்பியாட் வினாக்களுக்கு யந்திரம் 42 புள்ளிகளுக்கு 28 பெற்று வெள்ளிப் பதக்கத் தரத்தை எட்டியது. அதற்குப் பயன்பட்ட கருவிகளுள் ஒன்றிலே ஒரு பகுதி நிரூபணத்தை ஊகிக்கும். மற்றொரு பகுதி ஒவ்வொரு படியையும் இரக்கமின்றிச் சோதிக்கும். சோதிக்கும் பகுதி, பழைய கணக்கப்பிள்ளையைப்போல, தவறாது. புதிதாய் எதையும் காணவும் மாட்டாது. ஊகிக்கும் பகுதி பலமுறை தவறும். ஆனால் காண்பது அதுவே. 2025இல் வேறு யந்திரங்கள் 35 புள்ளிகளோடு தங்கப் பதக்கத் தரத்தை அடைந்தன. இன்றைய உரையாடும் யந்திரங்களோ, எதையும் அழகாக எழுதிவிட்டு, நீண்ட பெருக்கலொன்றைக் கொடுத்தால் துணிந்து பிழையான விடையைச் சொல்லக்கூடியவை. 105621 என்ற விடையை அவற்றுட் பல நடிப்பின்றியே தந்திருக்கும்.

ஐம்பது ஆண்டுகளில், ஐந்து நிமிட உரையாடலின் பின், சாதாரணமாக ஒருவர் நூற்றுக்கு எழுபது தடவைக்கு மேல் யந்திரத்தைச் சரியாக அடையாளங் காணமாட்டார் என்று 1950இல் ரியூறிங் எதிர்வு கூறினார். காலக் கணக்குத் தவறிற்று. 2025இற் கலிபோர்னியாவின் சான் டியாகோவிலே இரு ஆராய்ச்சியாளர் நடத்திய பரீட்சையில், மனிதனைப்போற் பேசப் பணிக்கப்பட்ட ஒரு யந்திரத்தை, அருகே உண்மையான மனிதரும் இருக்க, நூற்றுக்கு 73 தடவை மனிதர் என்றே கேள்வியாளர் கொண்டனர்.

அப்படியாயின் அந்த யந்திரத்துக்குள்ளே யாராவது இருக்கின்றார்களா? 1949இல் மான்செஸ்ரர் சத்திரசிகிச்சை நிபுணர் ஜெபர்சன் இதே கேள்வியை எழுப்பினார். உணர்ச்சியால் உந்தப்பட்டுக் கவி எழுதி, எழுதியது தான் என்பதையும் அறிந்தாலன்றி, யந்திரத்தை மூளைக்கு நிகராகக் கொள்ளமாட்டோம் என்றார் அவர். ரியூறிங்கின் விடை அடக்கமானது. யந்திரம் உணர்கின்றதென்று அறிய யந்திரமாகவே இருந்து பார்க்கவேண்டுமாயின், பக்கத்து வீட்டுக்காரர் உணர்கின்றார் என்பதை அறியவும் அவராகவே இருந்து பார்க்கவேண்டும். நாம் அப்படிச் செய்வதில்லை. பிறருக்கும் மனமுண்டென மரியாதையாக ஏற்றுக்கொள்கின்றோம். பிரக்ஞையில் மர்மம் ஏதுமில்லை என்று தான் கூறவில்லை எனவும் அவர் வெளிப்படையாக எழுதினார். என்னளவில், இவ்விடை வாதத்தில் வெல்கின்றதேயன்றி மனத்தை ஆற்றவில்லை. நண்பன் இறந்தபோது அவருக்குள் நிகழ்ந்ததை, இரங்கற் கடிதம் எழுதவல்ல இன்றைய யந்திரத்துக்குள் நிகழ்வதோடு ஒப்பிட நமக்கு அளவுகோல் ஏதுமில்லை.

அவருடைய முடிவும் துயரமானது. இரு ஆடவருக்கிடையிலான உறவை அக்காலத்து இங்கிலாந்துச் சட்டம் குற்றமாகக் கொண்டது. 1952இல் அதன் பேரில் அவர் தண்டிக்கப்பட்டார். 1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி, நாற்பத்தொரு வயதில், சயனைட் நஞ்சினால் இறந்தார். தற்கொலை என்பது மரண விசாரணையின் தீர்ப்பு. 2013இல் அரச மன்னிப்பு அளிக்கப்பட்டது. போத்தனூரிற் பிறந்த தாயார் அத்தீர்ப்பை ஒருபோதும் ஏற்கவில்லை. வீட்டிலே இரசாயனப் பரிசோதனை செய்யும் பழக்கமுடைய தம் மகன், கையைக் கழுவாமல் எதையோ உண்டு, கவனப் பிழையால் இறந்தான் என்றே அவர் நம்பினார். 1959இல் மகனின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார், 1976வரை வாழ்ந்தார்.