பள்ளி மைதானத்தில் நூறு விக்கெட்டுகள்
கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி, இலங்கை, 1990–91

இலங்கையின் பள்ளிக் கிரிக்கெட்டில் இரண்டு நாள், இரண்டு இன்னிங்ஸ் ஆட்டங்கள் நெடுங்கால வழக்கம். வளரும் பந்துவீச்சாளருக்கு நீண்ட ஓவர்களும் பொறுமையும் பழகக் கிடைப்பது இந்த ஆட்டங்களில்தான். கண்டி நகரை ஒட்டி, மகாவலி ஆற்றங்கரையில் அமைந்த புனித அந்தோனியார் கல்லூரிக்கு இந்த மரபில் பெருமைமிக்க இடம் உண்டு.

1972இல் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் ஒன்பது வயதில் இக்கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய தாத்தா தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குச் சென்றவர். முதலில் மிதவேகமாகப் பந்துவீசிய முரளிதரன், பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோவின் யோசனைப்படி 14 வயதில் ஆஃப் ஸ்பின்னுக்கு மாறினார்.

ஆஃப் ஸ்பின்னர்கள் பெரும்பாலும் விரலால் பந்தைச் சுழற்றுவார்கள். முரளிதரனோ மணிக்கட்டை முழுவதும் திருப்பிச் சுழற்றினார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்து, வலக்கை ஆட்டக்காரரின் மட்டைக்கும் காலுக்கும் இடையே கூர்மையாக உள்ளே திரும்பியது.

பள்ளியின் முதல் அணியில் நான்கு ஆண்டுகள் ஆடிய அவர், நடுவரிசையில் மட்டையும் பிடித்தார். கடைசி இரண்டு பருவங்களில் நூற்றுக்கும் அதிகமான விக்கெட்டுகளைக் கைப்பற்றி, 1991இல் ‘பாட்டா’ சிறந்த பள்ளிக் கிரிக்கெட் வீரர் விருதைப் பெற்றார்.

பின்னர் கொழும்பு தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 1992 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் அரங்கில் நுழைந்தார். 2010 ஜூலையில், காலி மைதானத்தில், 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.