குழாயில் ‘சுர்’ரென்றால் அலட்சியம் வேண்டாம்

“குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குதுங்க. செருப்புப் போட்டுட்டா ஒண்ணும் தெரியறதில்லீங்க.” மதுக்கரைப் பக்கம் இப்படிச் சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். செருப்பு இதற்குத் தீர்வே அல்ல. ஹீட்டரிலோ மோட்டாரிலோ கசியும் மின்சாரம் குழாய்வரை வந்துவிட்டது. அதே குழாயை நாளை ஒரு குழந்தை ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று திறக்கும்.

எர்த் போட்டிருக்கிறோமே என்பார்கள். ஆனால் இங்கே நிலம் சுண்ணாம்புக்கல்; அதை நம்பித்தான் சிமென்ட் ஆலையே வந்தது. காய்ந்த கல்நிலத்தில் எர்த் எளிதில் பிடிக்காது. எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் அதன் வழியே 11.5 ஆம்பியர்தான் செலுத்தும். 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் அதற்கு விழாது. எர்த் வயரோடு சேர்ந்த உலோகமெல்லாம் மின்னேறி நிற்கும்.

எனவே முதல் வேலை, மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. உள்ளே போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒத்துப்போகாவிட்டால் அது கண நேரத்தில் துண்டித்துவிடும். எம்சிபி இந்த வேலையைச் செய்யாது. இரண்டாவது, எர்த் குழியின் தடையை மீட்டர் வைத்து அளப்பது.

மூன்றாவதுதான் குழாய்களை இணைப்பது. இரும்புக் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து 6 சதுர மில்லிமீட்டர் பச்சை செம்பு வயரை மெயின் எர்த்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது ஹீட்டரையும் குழாயையும் ஒருசேரத் தொட்டாலும் இரண்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இராது. பெயிண்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டுக் கிளாம்ப் போடச் சொல்லுங்கள். வயரைச் சுற்றி முறுக்கிவிட்டுப் போனால் அது இணைப்பாகாது. ரிப்பேருக்காக நடுவில் பிளாஸ்டிக் துண்டு போட்டிருந்தால் அதற்கு அப்பாலுள்ள இரும்புக்கும் வயர் தேவை. முழுக்கப் பிளாஸ்டிக் குழாய் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

வரிசையை மாற்றாதீர்கள். ஆர்சிசிபி இல்லாமல் குழாய்களை மட்டும் இணைத்தால் ஒரு ஹீட்டரின் பழுது வீட்டுக் குழாய் அத்தனைக்கும் பரவும்.

குழாயையே எர்த்தாகப் பயன்படுத்தவும் கூடாது. பிளக் பாயின்ட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டும் வயர்மேனைத் திருப்பி அனுப்புங்கள். நியூட்ரல் அறுந்தால் வாஷிங் மெஷினின் உடம்பெல்லாம் கரன்ட் ஏறும். தமிழ்நாடு அரசு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் தகுதிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். எர்த் எத்தனை ஓம், ஆர்சிசிபி சோதனையில் விழுந்ததா என்பதைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

மெயினை அணைத்த பிறகும் குழாயில் டெஸ்டர் எரிந்தால் கசிவு பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. கையால் தொட்டுப் பார்க்காதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின் இணைப்பு எண்ணோடு பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். “ஆள் அனுப்பறோம்” என்ற வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். தீராவிட்டால் வட்ட மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்திலுள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் சென்னையிலுள்ள மின்குறை தீர்ப்பாளர். 2003 மின்சாரச் சட்டத்தின் 42ஆவது பிரிவு தரும் உரிமை இது. யாருக்காவது பெரிய ஷாக் அடித்து விபத்தானால், மின் ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை வயரிங்கைக் கலைக்காதீர்கள்.

புது இணைப்புக்கு ஆர்சிசிபி கட்டாயம் என்கிறது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பழைய வீடுகளின் கதவைத் தட்டி எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. ஏற்கெனவே ஆர்சிசிபி இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை இன்றே அழுத்துங்கள். விழவில்லையென்றால் உடனே மாற்றுங்கள். ஆர்சிசிபியே இல்லையென்றால், குழாயில் கை வைக்குமுன் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.