தோலில் பூக்கும் ரோஜா

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன் என்றோர் ஊர். அங்கே குதிரைச் சேணத்தில் வட்ட வட்டமாகக் கொடி சுருளும், நடுவே காட்டுரோஜா மலரும். எல்லாம் கைவேலை! குரோம் உப்பில் பதனிட்ட தோல் இதற்கு ஆகாது. தட்டிய அச்சு நிலைக்காது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல்தான் வேண்டும். நம் ஊரில் ஆவாரம்பட்டையில் பதனிடுவார்களே, அந்த வகை.

தோலை ஈரப் பஞ்சால் துடைத்ததும் நிறம் கறுக்கும். அது திரும்ப வெளுக்கத் தொடங்கும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் கோடு மழுங்கிவிடும். பிறகு கத்தியால் பாதிக் கனத்தைத் தாண்டாமல் கீறி, கோட்டின் வெளியோரத்தை அச்சுளி வைத்துத் தட்டித் தாழ்த்தினால் இதழ் தானே எழும்பி நிற்கும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், கொட்டாப்புளி போதும். கீறிய கோட்டை அழிக்க முடியாது. முதலில் துண்டுத் தோலில் பழகுங்கள்.