திரையின் மெய்யளவும் எழுத்தின் உருவளவும்

கணினித் திரையில் எழுத்துத் தக்க அளவினதாய்த் தோன்றவேண்டுமாயின், அத்திரையின் அகலத்தையும் உயரத்தையும் முதற்கண் அறிதல் வேண்டும். படப்புள்ளிகளின் தொகையை மட்டும் அறிதல் போதாது. கிடையாக 1920 புள்ளிகள் கொண்ட திரை 531 மில்லிமீற்றர் அகலமுடையதாயின், ஓரங்குலத்தில் ஏறக்குறைய 92 புள்ளிகள் அமையும். அத்தொகையே மடிக்கணினியொன்றின் 310 மில்லிமீற்றருள் அடங்குமாயின், ஓரங்குலத்தில் 157 புள்ளிகள் அமையும். ஒரே எழுத்து முன்னதிற் பெரிதாயும் பின்னதிற் சிறிதாயும் தோன்றுதற்குக் காரணம் இதுவே. இவ்வேறுபாட்டை ஈடுசெய்தற்கே உருப்பெருக்கம் வேண்டப்படுகின்றது.

ஆயின், கணினி திரையை அளந்து பார்ப்பதில்லை. திரை தன்னைப் பற்றிக் கூறுவதையே நம்புகின்றது. 1994ஆம் ஆண்டில் வெளிவந்த எடிட் என்னும் நியமத்தின்படி, திரையானது 128 பைற்றுக்கள் கொண்ட அடிப்படைக் குறிப்பொன்றைக் கணினிக்கு வழங்கும். அக்குறிப்பில் திரையின் அளவு ஓரிடத்திற் சதமமீற்றரிலும் பிறிதோரிடத்தில் மில்லிமீற்றரிலும் எழுதப்படும். எழுதியது பிழையாயின், அதன்வழி வரும் கணக்கும் பிழையாகும்.

எமது வகுப்பறையில் தொலைக்காட்சிப் பெட்டியொன்றை லினக்ஸ் கணினியுடன் இணைத்தபோது, பாடங் காட்டும் செயலியின் எழுத்துக்கள் மும்மடங்காகப் பெருத்தன. ஒரு வாக்கியத்தின் பாதிதானும் திரையில் அடங்கவில்லை. எக்ஸ்ரான்ர் என்னும் கட்டளையை இட்டபோது, அகலம் 160, உயரம் 90 மில்லிமீற்றர் என விடை வந்தது. மாணவர் அளவுகோல் கொண்டு அளந்தனர். அகலம் 885 மில்லிமீற்றராயிருந்தது. பதினாறுக்கு ஒன்பது என்னும் விகிதமே அளவென எழுதப்பட்டிருந்தது! அதனை நம்பிய செயலி அங்குலத்திற்கு 305 புள்ளிகள் எனக் கணித்தது. உண்மைத் தொகையோ 55.

இன்னுமொரு மயக்கம் உண்டு. லினக்ஸில் நெடுங்காலமாக வழங்கும் எக்ஸ் சாளர முறை, வேறு கட்டளை இல்லாதவிடத்து, எத்திரையையும் அங்குலத்திற்கு 96 புள்ளிகள் உடையதெனக் கொள்ளும். ஆதலின், எக்ஸ்டிபிவைஇன்ஃபோ என்னும் கட்டளை 1920 புள்ளித் திரையின் அகலத்தை 508 மில்லிமீற்றர் எனக் கூறும். இது கணக்கால் வந்த எண்ணேயன்றி அளவால் வந்ததன்று. எறிகருவிகளோ தம் அளவைப் பூச்சியமெனக் கூறுதல் உண்டு. படத்தின் அளவு சுவரின் தூரத்தைப் பொறுத்ததாகலின் அது குற்றமன்று.

இவற்றிற்குப் பரிகாரம் எளிது. சட்டத்தை நீக்கி, ஒளிரும் பகுதியை மட்டும் அளவுகோலால் அளந்து, எக்ஸ்ரான்ர் தரும் எண்ணுடன் ஒப்பிடுக. வேறுபடின், எக்ஸ் அமைப்புக் கோப்பின் மொனிற்றர் பகுதியில் டிஸ்பிளேசைஸ் என்னும் சொல்லையடுத்து மெய்யளவை மில்லிமீற்றரில் எழுதுக. வேலண்ட் முறையிற் பணிபுரிவோர் திரை அமைப்புக்குட் சென்று பெருக்க விகிதத்தைத் தாமே தெரிந்துகொள்ளலாம். அவ்விடத்தும் பார்ப்போர் அமரும் தூரத்தை மறத்தலாகாது. பின்வாங்கிலிருக்கும் மாணவனுக்கு அளவுகோல் கூறும் விகிதத்தினும் பெரிய எழுத்தே வேண்டப்படும்.

பொறி கூறுவதெல்லாம் அளந்து கண்ட உண்மை என எண்ணுதல் தவறு. அன்று வகுப்பறையில் எழுந்த ஐயத்தைத் தீர்த்தது, மாணவனொருவன் கைப்பையிலிருந்த மர அளவுகோலேயாம்.