நாற்பதுக்கு மேலும் வாலிபம் நிலைக்க வேண்டுமா? ரயில்வே பாலத்தில் ஏறுங்கள்!

மும்பையில் காலை 8 மணிக்கு எந்த மின்சார ரயில் நிலையத்தில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மேம்பாலப் படிகளில் கூட்டம் திமுதிமுவென்று ஏறும். பாதிப் படியில் ஒருவர் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. வயிற்றுப் பகுதியில் சட்டைப் பொத்தான் தெறிக்கப் பார்க்கும். வயது 42 அல்லது 43 இருந்தால் அதிகம்.

"என்ன அண்ணாச்சி, நின்னுட்டிய?" என்று பின்னால் வருகிற ஊர்க்காரர் கேட்பார்.

"வயசாயிட்டுல்லா தம்பி!" என்று சிரித்தபடியே பதில் வரும்.

42 எல்லாம் ஒரு வயதா? அதே படியில் அறுபதைக் கடந்த கோளி மீன்காரப் பெண்மணி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்காமல் ஏறிப் போகிறார். அண்ணாச்சிக்கு மூச்சு வாங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் வயது அல்ல, நாற்காலி. காலை முதல் மாலை வரை நாற்காலி, வீட்டுக்கு வந்ததும் டி.வி. முன்னால் இன்னொரு நாற்காலி. இடையில் ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் அதையும் பெரிய அதிர்ஷ்டமாகச் சொல்லிக்கொள்கிறோம்.

லண்டன் பஸ்சில் தெரிந்த உண்மை

நாற்காலி மனிதனை என்ன செய்கிறது என்பதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு இங்கிலாந்தில் மாரடைப்பு பெருகி வந்தது. காரணம் புரியவில்லை. மாரிசும் அவரது குழுவினரும் லண்டன் போக்குவரத்து ஊழியர்களில் 35 முதல் 64 வயது வரை உள்ள சுமார் 31 ஆயிரம் ஆண்களின் விவரங்களை ஆராய்ந்தார்கள்.

லண்டனில் ஓடுவது மாடி பஸ். டிரைவர் வேலை நேரம் முழுவதும் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக மேல் மாடிக்கும் கீழ் மாடிக்கும் ஏறி இறங்குவார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள்! இருவருக்கும் ஒரே நிர்வாகம், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. ஆனால் மாரடைப்பு போன்ற இருதய நோய் ஆண்டுக்கு ஆயிரம் டிரைவர்களில் 2.7 பேருக்கும், ஆயிரம் கண்டக்டர்களில் 1.9 பேருக்கும் வந்தது. அப்படியே வந்தாலும் கண்டக்டர்களுக்கு வந்தது பெரும்பாலும் வயது சென்ற பிறகு, கடுமை குறைந்ததாக வந்தது.

தபால் இலாகாவிலும் அவர்கள் பார்த்தார்கள். நடந்தும் சைக்கிளிலும் போய்க் கடிதம் கொடுத்த தபால்காரர்களைவிட, உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாக்களையும் டெலிபோன் ஆபரேட்டர்களையும் இருதய நோய் அதிகமாகத் தாக்கியிருந்தது. 1953-ல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

டிரைவர்கள் முதலிலேயே குண்டாக இருந்திருப்பார்கள், அதனால் வந்த வித்தியாசம் இது என்று சிலர் வாதாடினார்கள். நியாயமான சந்தேகம்தான். மாரிஸ் விடவில்லை. ஊழியர்களுக்குச் சீருடை தைப்பதற்காக எடுத்து வைத்திருந்த இடுப்பளவுப் பதிவேடுகளை வாங்கிப் புரட்டினார். டிரைவர்களின் இடுப்பளவு உண்மையிலேயே கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லியான கண்டக்டரை ஒல்லியான டிரைவரோடும், பருமனான கண்டக்டரைப் பருமனான டிரைவரோடும் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் கண்டக்டருக்கே சாதகமாக இருந்தது. தொந்தி உள்ளவருக்கும் படி ஏறினால் பலன் உண்டு என்பது இதில் கிடைத்த நல்ல செய்தி.

மாரிஸ் தாம் கண்டுபிடித்ததைத் தாமே கடைப்பிடித்தார். 2009-ல் இறக்கும்போது அவருக்கு 99 வயது.

நம் பாலமும் நம் கணக்கும்

மும்பையிலும் 1937 முதல் மாடி பஸ்கள் ஓடின. பழைய சிவப்பு டீசல் மாடி பஸ் 2023 செப்டம்பரில் விடைபெற்றது. மின்சார மாடி பஸ்கள் அதே ஆண்டில் வந்தன. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு பஸ்சின் மாடிப்படி வாய்க்காவிட்டாலும் ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. அதற்குக் கட்டணமும் இல்லை.

ஒரு பாலத்துக்கு 40 படி என்று வைத்துக்கொள்வோம். போகும்போது இரண்டு நிலையங்களில், திரும்பும்போது இரண்டு நிலையங்களில் என்று நான்கு முறை ஏறினால் 160 படி. ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்து, அதற்கு 60 படி என்றால், காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை ஏறினால் 120. ஆக 280 படி. லண்டன் கண்டக்டர் ஏறியதில் ஏறக்குறைய பாதியை, தனியாக ஐந்து நிமிஷம்கூட ஒதுக்காமல் குமாஸ்தா முடித்துவிடுகிறார். ஆனால் எஸ்கலேட்டரும் லிப்டும் வந்ததில் இருந்து, முழங்கால் நன்றாக இருக்கிற முப்பது வயதுக்காரர்களும் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். அவை முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கால் முடியாதவர்களுக்கும் வைத்தவை.

இன்னொரு கூட்டம் பாலமும் வேண்டாம், லிப்டும் வேண்டாம் என்று தண்டவாளத்தில் குதித்துக் குறுக்கே போகிறது. மும்பை புறநகர் ரயில் பாதைகளில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். அதில் பெரும் பங்கு தண்டவாளத்தைக் கடந்தவர்கள். நாற்பது படிக்குச் சோம்பல்பட்டவர்களுக்கு ஆரோக்கியத்தைப் பற்றி என்ன சொல்வது?

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் வேக நடை போன்ற பயிற்சி வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி. பேசிக்கொண்டே நடக்கலாம், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் வேக நடைக்கு அளவு. ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. வீட்டில் இருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ ஏறாமல் பத்து நிமிஷம், திரும்பும்போது பத்து நிமிஷம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் பத்து நிமிஷம். இந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை லேசாக நினைக்க வேண்டாம். ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையை அதிகமாக வாங்கிக்கொள்வது தசைதான். சாப்பிட்டவுடன் படுப்பவரைவிட, சாப்பிட்டு நடப்பவரின் சர்க்கரை குறைவாக ஏறும்.

மூட்டை தூக்குகிறவருக்கு?

"நாள் பூரா மூட்டை தூக்குதோம். எங்களுக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்று கோதுமை மார்க்கெட்டிலும் தோல் பட்டறையிலும் வேலை செய்கிற நம்மவர்கள் கேட்கலாம்.

கோபன்ஹேகன் நகரில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இருதய நோய் குறைந்திருந்தது. ஆனால் வேலையிலேயே கடுமையாக உடலை வருத்தியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை; அபாயம் கூடியே இருந்தது. நிற்க நேரமின்றி, இளைப்பாறாமல், பல மணி நேரம் பாரம் சுமப்பது உடற்பயிற்சி ஆகாது என்பதே ஆராய்ச்சியாளர்கள் கருத்து. இவர்களுக்கு முதலில் வேண்டியது தூக்கம், வயிறார நல்ல உணவு, வேலைக்கு நடுவே உட்கார்ந்து தண்ணீர் குடிக்க நேரம். களைப்புத் தீர புகையிலையும் மிஸ்ரியும் வாயில் அடக்குவது களைப்பைத் தீர்ப்பதில்லை. ரத்தக் குழாயையும் வாயையும்தான் கெடுக்கிறது.

தரையில் உட்கார்ந்து எழ முடிகிறதா?

முப்பது வயதுக்கு மேல் தசை மெல்ல மெல்லக் கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகமாகக் கரைகிறது. முகச் சுருக்கத்தையும் நரையையும் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் தொடை இளைப்பதைக் கவனிப்பதில்லை. முடிக்கு மை பூசலாம். தொடைக்கு என்ன பூசுவது?

பிரேசில் நாட்டில் 51 முதல் 80 வயது வரை உள்ள 2 ஆயிரம் பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்தார்கள். கையையும் முழங்காலையும் ஊன்றாமல் எழுந்தவர்களைவிட, பல இடங்களில் ஊன்றித் தடுமாறி எழுந்தவர்களே அடுத்த சில ஆண்டுகளில் அதிகமாக இறந்தார்கள் என்று 2012-ல் அறிவித்தார்கள். தரையில் இலை போட்டுச் சாப்பிட்ட நம் பெரியவர்கள் இந்தப் பரீட்சையை நாளைக்கு மூன்று வேளை எழுதித் தேறியவர்கள். முழங்கால் வலி இல்லாதவர்கள் ஒரு வேளையாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். வலி உள்ளவர்கள் கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துத் தடவை செய்யலாம்.

வயதான பிறகு தசை வளராது என்பதும் தவறு. 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் விடுதி ஒன்றில் 86 முதல் 96 வயது வரை உள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலால் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் நடுவில் நின்றுவிட்டார். மற்றவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியைப் போட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறிலேயே இது முடியும் என்றால், "இனிமேல் எனக்கென்ன" என்று ஐம்பதில் பேசுகிறவரை என்னவென்று சொல்வது!

டீயும் கருவாடும்

உணவு விஷயத்தில் லேகியம், டானிக் விளம்பரங்களை நம்பிக் காசைக் கரைப்பதைவிட டீ கிளாசை எண்ணிப் பார்க்கலாம். நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் ஏறக்குறைய 50 கிராம். ஒரு நாளைக்கு இருக்கக்கூடிய உச்ச அளவே டீயில் முடிந்துவிடுகிறது. டீ குடிக்கலாம். சர்க்கரையை வாரம் கால் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

தசைக்கு வேண்டியது புரதம். கிலோ எடைக்கு நாளைக்குச் சுமார் 1 கிராம் தேவை. இரவில் தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் துளி ரசமும் என்றால் அது கிடைக்காது. சோற்றைக் குறைத்து, பருப்பு, சுண்டல், நிலக்கடலை, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்ட வேண்டும். அறை எடுத்துத் தங்கிச் சமைக்கிற வாலிபர்கள் பலர் அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று உப்பிலேயே சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். உப்பு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும்.

சத்தம் போடாத நோய்கள்

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அதன் வாசலில் நிற்பதாகவும் சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் தெரிவித்தது. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வலிக்காது. பல வருஷம் இருப்பதே தெரியாது. ஊருக்கு மாதாமாதம் பணம் அனுப்பி, தங்கைக்குக் கல்யாணம் முடித்து, ஓய்வு பெற்றதும் ஊரில் ஒரு வீடு கட்டலாம் என்று முப்பது வருஷம் உழைத்தவர், கடைசியில் சேர்த்த பணத்தைச் சிறுநீரக வைத்தியத்துக்குக் கட்டுகிற கொடுமை இதனால்தான் நடக்கிறது.

ஆகவே முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொள்வது அவசியம். ரத்த அழுத்தம் பலமுறை பார்த்தும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கொதிப்பு. வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ம் அதற்கு மேலும் என்றால் நோய். 100 முதல் 125 வரை எச்சரிக்கை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டக்கூடாது. வீட்டுப் பெண்களையும் கையோடு கூட்டிப்போக வேண்டும். தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறுகிறவர்களுக்கு நோய் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

படி ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கு இறங்கும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ வந்தால் ஏறுவதை உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயு என்று சொல்லி சோடா குடித்துக்கொண்டு இருக்கக்கூடாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு பயிற்சியை ஆரம்பிக்கலாம். நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக்கூடாது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் வாரத்தில் ஒரு பாலம் மட்டும் ஏறினால் போதும். நடுவில் நிற்க நேர்ந்தால் நிற்கலாம். கைப்பிடி அதற்காகத்தான் இருக்கிறது.