பாதியில் நின்றுவிடும் கார்கள்

காரைப் பாகம் பாகமாக வாங்கி வந்து, வீட்டுக் கொட்டகையில் தாமே பூட்டிக் கொள்ளும் வழக்கம் இங்கிலாந்தில் நெடுநாளாக உண்டு. 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் அவ்வகையில் புகழ் பெற்றது. முழுக் காருக்குரிய கொள்முதல் வரி பாகங்களுக்கு இல்லை என்பதே அன்றைய கவர்ச்சி. 1973இல் மதிப்புக்கூட்டு வரி வந்ததும் அச்சலுகை போயிற்று, ஆசை போகவில்லை.

ஆனால் பெட்டிகளைப் பிரித்த முதல் வாரத்திலேயே பலர் சோர்ந்து விடுகின்றனர். துளைகள் நேர்கொள்ளா, ஏதோவொரு போல்ட்டைக் காணோம். இங்கே பலத்தைக் காட்டுவதுதான் பெரும்பிழை. ஒரு போல்ட்டை முழுதும் இறுக்கிவிட்டால் மற்றத் துளைகள் விலகி நிற்கும். அனைத்தையும் விரலால் தளர்வாக மாட்டிய பின்னரே ஸ்பேனரைத் தொட வேண்டும். அவசரத்தில் மரை அழிந்தால் ஒரு நாள் வேலை வீண். குறையும் உருப்படிகளையோ முதல் நாளே பட்டியலுடன் ஒப்பிட்டு எழுதிக் கேட்டுவிடலாம்.

பிரேக் குழாய் கசிந்தால் மட்டும் சமாதானம் கூடாது. “சிறு கசிவுதானே” என்று விட்டுவிட்ட வண்டியில் நாளை நம் பிள்ளைகளே அமர்வார்கள். கழற்றி, குழாய் முனையைப் புதிதாக விரித்துப் பூட்ட வேண்டும். மனம் கசந்திருக்கும் இரவில் அதைச் செய்யாமல், கொட்டகையைப் பூட்டிவிட்டு உறங்கச் செல்வதே நலம். கொட்டகையை இழந்து நிற்கும் வீட்டாரும் இன்னும் சில வாரங்கள் பொறுத்துக் கொள்வார்கள்!