பெயர் கேட்காத தேடுபொறி

‘டக்டக்கோ தேடுபொறிக்கு மாறிவிட்டேன். ஆனால் கண் மருத்துவமனை என்று தேடினால் எங்கெங்கோ இருப்பதெல்லாம் வருகிறது. பழையதற்கே போய்விடலாமா?’ என்று தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போக வேண்டாம். கேட்கும் விதத்தை மாற்றினால் போதும்.

டக்டக்கோவை 2008-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தொடங்கியவர் கேப்ரியல் வைன்பர்க். முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாப்டின் பிங் தேடுபொறியிலிருந்து வருகிறது. தேடியவர் யார் என்று மட்டும் டக்டக்கோ குறித்து வைப்பதில்லை. விளம்பரம் உண்டு; அப்போது தட்டிய சொல்லை வைத்தே வரும். எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் கேட்ட மாத்திரையை உறையில் போட்டுத் தருவார். யாருக்கு, என்ன நோய் என்று விசாரிக்கமாட்டார். அந்தப் பண்புதான் இதற்கும்.

நம் ஊரையும் பழைய தேடல்களையும் அறிந்த பொறி, பாதி கேட்டாலே மீதியை ஊகித்துவிடும். இங்கே அந்த மீதியை நாமே சொல்ல வேண்டும். ஊர்ப்பெயரைச் சேர்த்துத் தட்டுங்கள். முடிவுகளுக்கு மேலே நாட்டைத் தேர்வுசெய்யும் இடத்தில் இந்தியாவை வையுங்கள். புதிய செய்தி வேண்டுமென்றால் அங்கேயே காலத்தை ஒரு நாள், ஒரு வாரம் என்று சுருக்கலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ‘பேங்’ என்னும் குறுக்குவழி. தேடும் சொல்லோடு ஓர் ஆச்சரியக்குறி, அதை ஒட்டி ஆங்கில டபிள்யூ எழுத்து: விக்கிப்பீடியாவுக்குள்ளேயே தேடித் தரும். ஒய், டி என்ற எழுத்துகள் என்றால் யூடியூப். ஓ, எஸ், எம் என்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம். இப்படிப் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குறிகள் உள்ளன. ஜி எழுத்தைப் போட்டால் போட்டியாளரான கூகுளுக்கே வழிவிடும்! தன் விளம்பரத்தைக்கூடக் காட்டாமல் வந்தவரை அடுத்த தளத்துக்கு அனுப்பிவைக்கும் இந்தப் பெருந்தன்மை இணையத்தில் அரிது. ஒன்றை மறக்க வேண்டாம்: போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் தளத்தின் விதிகளே செல்லும். அது உங்களைக் குறித்துக்கொண்டால் டக்டக்கோவால் தடுக்க முடியாது.

குறித்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும் என்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. 2006-இல் ஏஓஎல் என்னும் அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேருடைய தேடல்களை, பெயருக்குப் பதில் எண்களை இட்டு ஆய்வுக்காக வெளியிட்டது. தேடிய சொற்களைக் கோத்துப் பார்த்தே, ஓர் எண்ணுக்குரிய பெண்மணி யார் என்று நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்துவிட்டது.

நோய், கடன், மணமுறிவு என்று வீட்டாரிடம் சொல்லத் தயங்குவதையும் தேடல் பெட்டியில் தயங்காமல் தட்டுகிறோம். அதைக் காப்பதில் நமக்கு இன்னும் அக்கறை வரவில்லை. பிள்ளைகளுக்குக் கைபேசி வாங்கித் தரும் பெற்றோரே, கையில் கொடுக்கும் முன் உலாவியின் அமைப்புகளில் தேடுபொறியை மாற்றிக் கொடுங்கள். கூடவே, கேள்வியை முழுதாகக் கேட்கவும் பழக்குங்கள்.